முப்பது நாள் லீவும் தகரப் பெட்டியும்

கேரளத்தில் கொச்சி நகரம் இருக்கிறது. கொச்சியில் மட்டாஞ்சேரி என்று ஒரு பழைய பகுதி உண்டு. மிளகும் சுக்கும் ஏலக்காயும் விற்ற துறைமுகத் தெருக்கள் அங்கே இருக்கின்றன. மட்டாஞ்சேரிக்குள் ஒரு சிறிய இடம் கொச்சங்காடி. அங்காடி என்றால் கடைத்தெரு. தமிழிலும் மலையாளத்திலும் இந்தச் சொல் ஒன்றுதான்.

கொச்சங்காடிக்கு வெளியூரிலிருந்து பலர் வந்து குடியேறினார்கள். 1344-ஆம் ஆண்டில் யூதர்கள் இங்கே ஒரு தொழுகைக் கூடம் கட்டினார்கள். அந்தக் கட்டடம் இன்று இல்லை. ஆனால் அதைக் கட்டிய ஆண்டைச் சொல்லும் கல் இருக்கிறது. எபிரேய மொழியில் எழுதிய கல் அது. மட்டாஞ்சேரியில் உள்ள பரதேசி யூதக் கோயிலின் சுவரில் அதைப் பதித்து வைத்திருக்கிறார்கள். எழுத்து இருந்ததால்தான் ஆண்டு தெரிகிறது.

வந்தவர்களைப் போலவே போனவர்களும் உண்டு. 1950-களில் கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் இஸ்ரேல் நாட்டுக்குப் போய்விட்டார்கள். 1970-களில் வளைகுடா நாடுகளில் எண்ணெய்ப் பணம் பெருகியது. அங்கே கட்டட வேலை, ஓட்டுநர் வேலை, கடை வேலை எல்லாம் கிடைத்தன. மட்டாஞ்சேரி இளைஞர்களும் விமானம் ஏறினார்கள்.

இன்று கேரளத்துக்கு வெளியே, அயல்நாடுகளில் இருப்பவர்கள் சுமார் 22 லட்சம் பேர். இது 2023-இல் எடுத்த கணக்கு. தமிழ்நாட்டிலிருந்து போனவர்களும் ஏறக்குறைய அதே அளவுதான். 2015-இல் எடுத்த கணக்கு அப்படிச் சொல்கிறது. ஆகவே கொச்சங்காடியின் கதை கடலூருக்கும் கீழக்கரைக்கும் இராமநாதபுரத்துக்கும் பொருந்தும்.

வெளிநாட்டில் இருப்பவர் ஊருக்கு லீவில் வருகிறார். முப்பது நாள் லீவு. வீட்டில் கறி மணக்கிறது. சொந்தக்காரர்கள் வந்து போகிறார்கள். நாலைந்து நாள் கழித்து மூலையில் இருக்கும் தகரப் பெட்டி திறக்கப்படுகிறது. உள்ளே என்ன இருக்கிறது? பத்திரம், வரி ரசீது, ரேஷன் கார்டு, பாஸ் புத்தகம், அப்பாவின் மரணச் சான்று, பையனின் பிறப்புச் சான்று. அன்று முதல் அவருடைய லீவு ஆபீஸ்களில் கழியத் தொடங்குகிறது.

ஒரே ஆள், மூன்று பெயர்

பெட்டியைத் திறந்ததும் முதலில் வரும் சிக்கல் பெயர்.

பள்ளிச் சான்றில் ஒரு பெயர் இருக்கும். அதில் அப்பா பெயரின் முதல் எழுத்து முன்னால் நிற்கும். பாஸ்போர்ட்டில் அந்த எழுத்து விரிந்து முழுப் பெயராக இருக்கும். சில சமயம் அது பின்னால் போய் நிற்கும். பத்திரத்தில் வீட்டுப் பெயரும் சேர்ந்திருக்கும். கேரளத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரை ஆளின் பெயரோடு சேர்த்து எழுதுவார்கள். ஊரில் எல்லாருக்கும் இது ஒரே ஆள் என்று தெரியும். ஆபீஸ் மேசைக்கு அது தெரியாது. அங்கே மூன்று பெயர் என்றால் மூன்று ஆள்.

தமிழர்களுக்கும் இதே தொல்லை உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் வைக்கும் வழக்கம் இல்லை. பலருடைய பாஸ்போர்ட்டில் ஒரே ஒரு பெயர்தான் இருக்கும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஓர் அறிவிப்பு செய்தது. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்களுக்குச் சுற்றுலா விசாவில் வர அனுமதி இல்லை என்றது. அந்த வாரம் பல குடும்பங்கள் கலங்கிப்போயின. பாஸ்போர்ட்டின் பின் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்று பிறகு விளக்கம் வந்தது.

இதற்கு என்ன வழி? கேரளத்தில் வில்லேஜ் ஆபீஸில் ஒரு சான்று தருவார்கள். இந்த இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று அதில் எழுதியிருக்கும். ஒரே ஆள் சான்று என்று அதைச் சொல்லலாம். தமிழ்நாட்டில் வேறு முறை. பெயரை மாற்ற விரும்புகிறவர் அரசிதழில் வெளியிட வேண்டும். அதற்குப் பல நாள் ஆகும். லீவு முடிய இரண்டு நாள் இருக்கும்போது இந்த வேலையைத் தொடங்கிப் பயன் இல்லை. ஊரில் இருக்கும் மனைவியோ அம்மாவோ காகிதங்களை முன்பே எடுத்து, பெயர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எழுத்து எழுத்தாகப் பார்த்துவிடலாம். அதற்கு வக்கீல் வேண்டாம்.

பிறந்த தேதிக்கும் இதுவே பொருந்தும். அந்தக் காலத்தில் பள்ளியில் சேர்க்கும்போது ஆசிரியர் ஒரு தேதியைப் போட்டுக்கொள்வார். ஜூன் மாதத்தில் பிறந்த பிள்ளைகள் நம் நாட்டில் அத்தனை பேர் இருப்பதற்கு அதுதான் காரணம்!

ஒரு தெரு தாண்டினால் வேறு அரசு

அடுத்த சிக்கல், எந்தக் காகிதம் எந்த ஆபீஸில் இருக்கிறது என்பது. இதில் மட்டாஞ்சேரி மிகவும் விசேஷமான இடம்.

பக்கத்திலேயே கோட்டைக் கொச்சி இருக்கிறது. நடந்தே போகலாம். ஆனால் வெள்ளைக்காரர் காலத்தில் இரண்டும் வேறு வேறு அரசு. மட்டாஞ்சேரி கொச்சி மகாராஜாவுக்கு உரியது. கோட்டைக் கொச்சி பிரிட்டிஷ் அரசின் கையில், சென்னை மாகாணத்தில் இருந்தது. அண்ணன் கோட்டைக் கொச்சியிலும் தம்பி மட்டாஞ்சேரியிலும் பிறந்தால், ஒருவர் சென்னை மாகாணத்தார். மற்றவர் கொச்சி ராஜ்யத்தார்.

1949-இல் கொச்சியும் திருவிதாங்கூரும் ஒன்றாயின. 1956 நவம்பர் 1-இல் கேரள மாநிலம் பிறந்தது. அப்போதுதான் கோட்டைக் கொச்சியும் மட்டாஞ்சேரியும் ஒரே மாநிலத்துக்குள் வந்தன. அதன் பிறகும் இரண்டுக்கும் தனித்தனி நகராட்சி இருந்தது. 1967-இல்தான் எர்ணாகுளம், மட்டாஞ்சேரி, கோட்டைக் கொச்சி நகராட்சிகள் சேர்ந்து கொச்சி மாநகராட்சி ஆயிற்று. ஆகவே தாத்தாவின் பிறப்பையோ பாட்டியின் மரணத்தையோ தேடுகிறவர் முதலில் ஆண்டைச் சொல்ல வேண்டும். ஆண்டைச் சொன்னால்தான் எந்த நகராட்சியின் புத்தகத்தைப் புரட்டுவது என்று தெரியும்.

பழைய பத்திரத்தில் ஆண்டும் குழப்பும். கொச்சி ராஜ்யத்தில் கொல்லம் ஆண்டு எழுதினார்கள். கொல்லம் ஆண்டோடு 825-ஐக் கூட்டினால் ஏறக்குறைய ஆங்கில ஆண்டு வரும். பத்திரத்தில் 1120 என்று இருந்தால் அது 1944 அல்லது 1945. ஆயிரம் வருடத்துப் பத்திரம் என்று நினைத்துவிடக் கூடாது. நகரத்தின் பெயர்கூட மாறியது. 1996 வரை ஆங்கிலத்தில் கொச்சின் என்று எழுதினார்கள். அதற்குப் பின் கொச்சி. பழைய பாஸ்போர்ட்டில் ஒன்றும் புதியதில் ஒன்றும் இருப்பது தப்பு அல்ல.

கொச்சியை 1663 முதல் 1795 வரை டச்சுக்காரர்கள் ஆண்டார்கள். அவர்கள் கொச்சியில் எழுதிய கட்டுக்கட்டான ஏடுகள் இன்று சென்னை எழும்பூரில், தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஆட்கள் மட்டுமா ஊர் மாறுகிறார்கள்?

அப்பா பெயரில் இருக்கும் வீடு

லீவில் வருகிறவர் செய்யும் வேலைகளில் பெரியது இதுதான். அப்பா இறந்துவிட்டார். வீடு இன்னும் அவர் பெயரில் இருக்கிறது. வரியும் அவர் பெயரில் கட்டி வருகிறார்கள். வரி கட்டுவதால் வீடு தம் பெயருக்கு வந்துவிடாது. அப்படிப் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

முதலில் மரணச் சான்று வேண்டும். இறந்த 21 நாளுக்குள் பதிவு செய்தால் கட்டணம் இல்லை. ஓர் ஆண்டு கடந்துவிட்டால் மேலதிகாரியின் உத்தரவு பெற்றுத்தான் பதிவு செய்ய முடியும். அடுத்தது வாரிசுச் சான்று. இதைத் தாசில்தார் தருவார். கேரளத்தில் வில்லேஜ் அதிகாரி வந்து விசாரிப்பார். வாரிசுகளின் பெயர்கள் அரசிதழில் வரும். யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் சொல்ல நேரம் தருவார்கள். அதன் பிறகே சான்று கைக்கு வரும். முப்பது நாள் லீவில் தொடங்கி முப்பது நாளில் முடிகிற காரியம் அல்ல இது. வீட்டில் இருப்பவர் முன்கூட்டியே மனுக் கொடுத்திருந்தால், வருகிறவர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகலாம்.

வாரிசுச் சான்றில் யார் யார் பெயர் வரவேண்டும்? மனைவி, மகன், மகள் எல்லாரும் வரவேண்டும். மகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, சீர் செய்துவிட்டோம் என்று சொல்லி அவள் பெயரை விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். எந்த மதத்துச் சட்டமும் அதை ஒப்புக்கொள்ளாது. பங்கின் அளவுதான் மதத்துக்கு மதம் மாறும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். அப்பா தாமே சம்பாதித்த வீடு. உயில் எழுதாமல் இறந்துவிட்டார். அவருடைய தாய் தந்தையும் இப்போது இல்லை. மனைவியும் ஒரு மகனும் ஒரு மகளும் இருக்கிறார்கள். வீட்டின் மதிப்பு 24 லட்சம்.

இந்துக் குடும்பம் என்றால் மூவருக்கும் சம பங்கு. ஆளுக்கு 8 லட்சம். முஸ்லிம் குடும்பம் என்றால் மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு. அது 3 லட்சம். மீதி 21 லட்சத்தில் மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு. அதாவது மகனுக்கு 14 லட்சம், மகளுக்கு 7 லட்சம். கிறிஸ்தவக் குடும்பம் என்றால் மனைவிக்கு மூன்றில் ஒன்று. மீதி பிள்ளைகளுக்குச் சமமாக.

கிறிஸ்தவ மகள்களுக்கு இந்தச் சம பங்கு எளிதில் கிடைக்கவில்லை. கேரளத்தில் பழைய சமஸ்தானச் சட்டத்தைக் காட்டி மகளுக்கு மிகக் குறைவாகக் கொடுத்து வந்தார்கள். மேரி ராய் என்ற பெண்மணி தம் பங்குக்காக உச்ச நீதிமன்றம் வரை போனார். 1986-இல் அவர் பக்கம் தீர்ப்பு வந்தது. அதற்குப் பிறகு சட்டம் தெளிவாகிவிட்டது. ஆனாலும் வீடுகளில் காகிதத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடும் சகோதரிகள் இன்றும் இருக்கிறார்கள்.

எப்படி நடக்கிறது? அண்ணன் நாளை மறுநாள் விமானம் ஏற வேண்டும். பத்திரம் எழுதுகிறவர் ஒரு காகிதத்தை எடுத்து வருகிறார். "சும்மா ஒரு சம்மதக் கையெழுத்து, போடும்மா" என்கிறார்கள். அந்தக் காகிதம் விடுதலைப் பத்திரமாக இருக்கலாம். கேரளத்தில் அதை ஒழிமுறி என்பார்கள். தன் பங்கு எனக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுப்பதுதான் அது. மனம் ஒப்பி அண்ணனுக்குக் கொடுத்தால் அது அவள் விருப்பம். என்னவென்று தெரியாமல் கொடுத்தால் அது நஷ்டம். விடுதலைப் பத்திரத்தைச் சார்பதிவாளர் முன்னால் பதிய வேண்டும். எழுதிக் கொடுப்பவர் நேரில் போக வேண்டும். "இதை நீங்கள்தான் எழுதிக் கொடுத்தீர்களா?" என்று அவர் கேட்பார். "எனக்கு இதைப் படித்துக் காட்டுங்கள்" என்று அப்போதும் சொல்லலாம். படித்துக் காட்டிய பிறகு "எனக்கு ஒப்புதல் இல்லை" என்று திரும்பியும் வரலாம்.

மட்டாஞ்சேரியில் தமிழ் பேசும் குடும்பங்கள் பல தலைமுறையாக இருக்கின்றன. அவர்களுடைய பத்திரங்கள் மலையாளத்தில் இருக்கும். சில சொற்கள் ஏமாற்றும். அங்கே ஆதாரம் என்றால் நாம் சொல்லும் பத்திரம். கரம் என்றால் வரி. நாம் பட்டா மாறுதல் என்பதை அங்கே போக்குவரவு என்பார்கள். பத்திரம் பதிந்தால் மட்டும் போதாது. வில்லேஜ் ஆபீஸில் போக்குவரவும் செய்ய வேண்டும். அப்போதுதான் அரசாங்கத்தின் கணக்கில் புதிய பெயர் ஏறும்.

முக்தியார்

லீவு முடிந்துவிட்டது. வேலை முடியவில்லை. என்ன செய்வது? "என் சார்பில் நீ செய்" என்று ஒருவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம். தமிழ்நாட்டில் இதைப் பவர் பத்திரம் என்பார்கள். கொச்சியில் முக்தியார் என்பார்கள். மிகவும் உதவியான காகிதம் இது. மிகவும் ஆபத்தானதும் இதுதான்.

பவர் இரண்டு வகை. ஒன்று பொது. வாடகை வாங்கலாம், வழக்கு நடத்தலாம், விற்கலாம் என்று எல்லாம் அதில் அடங்கியிருக்கும். மற்றது தனி. ஒரே ஒரு வேலைக்கு மட்டும் அது. பட்டா மாற்ற மட்டும் வேண்டும் என்றால் பட்டா மாற்ற மட்டும் எழுதிக் கொடுத்தால் போதும். எதற்கு விற்கும் உரிமையையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்? பத்திரம் எழுதுகிறவர் தம்மிடம் இருக்கும் பழைய மாதிரியைப் பார்த்து எல்லாவற்றையும் எழுதிவிடுவார். "விற்கவும், அடமானம் வைக்கவும்" என்ற சொற்கள் அந்தக் கூட்டத்தில் ஒளிந்திருக்கும். அந்தச் சொற்களைத் தேடிப் பார்க்க வேண்டும். வேண்டாம் என்றால் அடிக்கச் சொல்ல வேண்டும்.

வெளிநாட்டில் இருந்தபடியும் பவர் எழுதிக் கொடுக்கலாம். அங்குள்ள இந்தியத் தூதரகத்துக்குப் போய், அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் காகிதம் தபாலில் ஊருக்கு வரும். வந்த மூன்று மாதத்துக்குள் இங்கே அதற்கு முத்திரைக் கட்டணம் கட்ட வேண்டும். பலர் இதை மறந்து பெட்டியில் வைத்துவிடுகிறார்கள். நாலாவது மாதம் எடுத்தால் தொல்லைதான்.

எழுதிக் கொடுத்தவர் இறந்துவிட்டால் சாதாரணப் பவர் அன்றோடு செல்லாது. உயிரோடு இருக்கும்போதே அதை ரத்து செய்யவும் முடியும். பதிந்த பவரை ரத்து செய்தால் ரத்துப் பத்திரத்தையும் பதிய வேண்டும். பவர் வைத்திருப்பவருக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

பவரை மட்டும் காட்டி வீடு விற்பவர்களும் உண்டு. "பவர் எழுதித் தருகிறேன், பணத்தைக் கொடு, வீடு உன்னுடையது" என்பார்கள். 2011 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இதைப் பற்றித் தீர்ப்புச் சொன்னது. பவர் பத்திரத்தால் வீடு கை மாறாது என்றது. பதிந்த விற்பனைப் பத்திரம் வேண்டும். வளைகுடாவில் பத்து வருடம் உழைத்துச் சேர்த்த பணத்தை இப்படிப் பவரை நம்பிக் கொடுத்துவிட்டு நிற்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

பாங்குக் கணக்கு

வெளிநாட்டுக்கு வேலைக்குப் போனவர் ஊரில் சாதாரணச் சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்கக் கூடாது. பாங்கில் சொல்லி, வெளிநாடு வாழ் இந்தியர் கணக்காக மாற்ற வேண்டும். பாங்கு மேலாளரிடம் கேட்டால் படிவம் தருவார்.

பாஸ் புத்தகத்தில் நாமினி என்று ஒரு பெயர் இருக்கும். இறந்தால் பாங்கு யாரிடம் பணத்தைக் கொடுக்கலாம் என்பதற்கு அந்தப் பெயர். நாமினி பணத்தை வாங்கிக்கொள்ளலாம். ஆனால் பணம் வாரிசுகளுக்குச் சேர வேண்டியது. கல்யாணத்துக்கு முன் தொடங்கிய கணக்கில் அம்மா பெயரோ தம்பி பெயரோ நாமினியாக இருக்கும். கல்யாணம் ஆகிப் பத்து வருடம் கழித்தும் அதை மாற்றியிருக்க மாட்டார்கள். இதை லீவில் ஒரே நாளில் மாற்றிவிடலாம்.

மனைவியும் பிள்ளையும்

மனைவியை அழைத்துப் போகத் திருமணச் சான்று வேண்டும். ஜமாத்தில் எழுதியது, கோயிலில் எழுதியது, தேவாலயத்தில் எழுதியது எல்லாம் நமக்குப் போதும். விசாவுக்குப் பெரும்பாலும் அரசாங்கப் பதிவைக் கேட்பார்கள். கேரளத்தில் 2008 முதல் எல்லா மதத்தாரும் உள்ளாட்சி அலுவலகத்தில் திருமணத்தைப் பதியும் முறை வந்தது. 2024 ஜனவரியில் கே-ஸ்மார்ட் என்ற இணைய முறையைக் கேரள அரசு தொடங்கியது. வெளிநாட்டில் இருப்பவர் கைபேசியில் முகத்தைக் காட்டியே திருமணத்தைப் பதிய அதில் வழி உண்டு. ஒரு லீவு மிச்சம்!

பதிந்த சான்றை வெளிநாடு அப்படியே நம்பாது. மாநில அரசு ஒரு முத்திரை வைக்க வேண்டும். மத்திய வெளியுறவுத் துறை ஒரு முத்திரை வைக்க வேண்டும். சில நாடுகளுக்கு அவர்களுடைய தூதரகமும் முத்திரை வைக்க வேண்டும். கேரளத்தில் இந்த வேலைக்கு உதவ நோர்க்கா என்ற துறை இருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் கேரளத்தாருக்காக 1996-இல் அதைத் தொடங்கினார்கள். தமிழ்நாட்டில் அயலகத் தமிழர் நலத் துறை இருக்கிறது. ஏஜெண்டிடம் போகும் முன் அங்கே கேட்டால் செலவு எவ்வளவு என்றாவது தெரியும்.

பிள்ளை வெளிநாட்டில் பிறந்தால், ஓர் ஆண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிய வேண்டும். பெற்றோர் இந்தியர்தானே என்று சும்மா இருந்துவிடக் கூடாது. ஊரில் பிறக்கும் பிள்ளைக்கும் பிறப்புச் சான்று முக்கியம். 2023 அக்டோபர் 1-ஆம் தேதியும் அதற்குப் பிறகும் பிறந்த குழந்தைகளுக்குப் பாஸ்போர்ட் எடுக்கப் பிறப்புச் சான்று ஒன்றுதான் தேதிக்குச் சான்று. அதனால் குழந்தையின் பெயரை முதலிலேயே சரியாக எழுத வேண்டும். பெற்றோரின் பெயர் அவர்களுடைய பாஸ்போர்ட்டில் இருக்கிறபடியே இருக்க வேண்டும்.

குவைத்திலிருந்து வந்தவர்கள்

1990 ஆகஸ்ட் 2-ஆம் தேதி ஈராக் படை குவைத்துக்குள் புகுந்தது. அங்கே லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் இருந்தார்கள். அவர்களில் கேரளத்தார் மிகப் பலர். பஸ்ஸிலும் லாரியிலும் ஏறி, பாலைவனத்தைக் கடந்து ஜோர்டான் நாட்டுக்கு வந்தார்கள். அம்மான் நகரிலிருந்து ஏர் இந்தியா விமானங்கள் அவர்களை நாட்டுக்கு அழைத்து வந்தன. பலர் உடுத்திய துணியோடு வந்தார்கள். சம்பள பாக்கியும் பாங்குப் பணமும் சாமான்களும் அங்கேயே போயின.

மறு ஆண்டு ஐக்கிய நாடுகள் சபை ஜெனிவாவில் ஒரு நஷ்டஈட்டு ஆணையம் அமைத்தது. ஈராக்கின் எண்ணெய் விற்ற பணத்திலிருந்து நஷ்டஈடு கொடுத்தார்கள். போரினால் நாட்டை விட்டு வெளியேறினேன் என்று காட்டினாலே ஒருவருக்கு 2,500 டாலர் கிடைத்தது. குடும்பத்துக்கு 5,000 டாலர். வேறு எதுவும் கேட்காமல் இருந்தால் 4,000, 8,000 என்று இன்னும் கூடக் கிடைத்தது. கடை போயிற்று, சம்பளம் போயிற்று என்று கேட்டவர்கள் அதற்கு ஆதாரம் காட்ட வேண்டியிருந்தது.

என்ன ஆதாரம்? பாஸ்போர்ட்டில் விழுந்த எல்லை முத்திரை. வேலை ஒப்பந்தம். பழைய சம்பளச் சீட்டு. இவற்றின் நகல் ஊரில் ஒரு பெட்டியில் இருந்த குடும்பங்களுக்கு வேலை எளிதாயிற்று. மற்றவர்கள் அலைந்தார்கள். அன்று முதல் வளைகுடாவில் இருப்பவர்கள் நகல் அனுப்பக் கற்றுக்கொண்டார்கள். இன்று கைபேசியில் படம் எடுத்து ஒரு நிமிடத்தில் அனுப்பிவிடலாம்.

அந்தப் போர் நடந்த ஆண்டில்தான் எர்ணாகுளம் மாவட்டத்துக்கு ஒரு பெருமை வந்தது. 1990 பிப்ரவரி 4 அன்று, நாட்டிலேயே முதல் முழு எழுத்தறிவு மாவட்டம் என்று அதை அறிவித்தார்கள். கொச்சங்காடியும் அந்த மாவட்டம்தான். அதுவரை கணவன் எழுதிய கடிதத்தை அண்டை வீட்டாரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்ன பெண்கள் இருந்தார்கள். வீட்டு ரகசியம் தெரு ரகசியம் ஆயிற்று. பாங்குச் சலானை நிரப்பவும் ஒருவரைத் தேட வேண்டியிருந்தது. எழுத்துக் கற்றதும் முதலில் மிச்சமானது அந்த வெட்கம்தான்.

பேரப் பிள்ளைகள் வருகிறார்கள்

இஸ்ரேலுக்குப் போனவர்களின் பேரப் பிள்ளைகளும் இப்போது மட்டாஞ்சேரிக்கு வருகிறார்கள். பாட்டி பிறந்த தெருவைப் பார்க்கிறார்கள். அவர்கள் இப்போது வேறு நாட்டுக் குடிமக்கள். இந்தியாவில் ஒருவர் இரண்டு நாட்டுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள முடியாது. ஆனால் 2005-இல் சட்டத்தைத் திருத்தி ஓர் அட்டை கொண்டுவந்தார்கள். அதன் ஆங்கிலப் பெயரைச் சுருக்கி ஓ.சி.ஐ. அட்டை என்பார்கள். அது இருந்தால் விசா இல்லாமல் வந்து போகலாம். வீடு வாங்கலாம். விவசாய நிலமும் தோட்டமும் வாங்க முடியாது. ஓட்டுப் போட முடியாது.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் குடியுரிமை பெற்ற தமிழர்களுக்கும் இந்த அட்டை உண்டு. இந்தியக் குடிமகனாக இருந்தவரின் பிள்ளை, பேரன், கொள்ளுப் பேரன் வரை கேட்கலாம். ஆனால் தாத்தா இந்தியர் என்று காட்ட வேண்டும். அவருடைய பழைய பாஸ்போர்ட், பிறப்புச் சான்று, பள்ளிச் சான்று போன்ற ஏதாவது ஒன்று வேண்டும். ஊரில் இருக்கும் ஒரு பள்ளிக்கூடத்தின் பழைய பதிவேட்டுக்காகக் கடல் கடந்து வந்து காத்து நிற்பவர்கள் இருக்கிறார்கள்.

மனுவும் ரசீதும்

எந்த ஆபீஸுக்குப் போனாலும் வாயால் சொல்லிவிட்டு வரக் கூடாது. மனு எழுதிக் கொடுத்து, ரசீதோ எண்ணோ வாங்க வேண்டும். இணைய மையத்தில் கொடுத்தால் அவர்களும் ஓர் எண் தருவார்கள். லீவில் வந்தவர் திரும்பிப் போகும்போது அந்த எண்ணை வீட்டில் இருப்பவரிடம் கொடுத்துவிட்டுப் போகலாம். மனுவில் கைபேசி எண் எழுதும் இடத்தில் ஊரில் இருப்பவரின் எண்ணை எழுதுவது நல்லது. துபாய் எண்ணை எழுதிவிட்டுப் போனால் இங்கே வரும் செய்தி யாருக்கும் தெரியாமல் போகும்.

மனு அசையவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. அது 2005-இல் வந்தது. "இந்தத் தேதியில் இந்த எண்ணில் கொடுத்த மனு இப்போது யாரிடம் இருக்கிறது?" என்று ஒரு வெள்ளைத் தாளில் எழுதி, அந்த ஆபீஸின் தகவல் அதிகாரிக்கு அனுப்பலாம். கட்டணம் 10 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். எழுதத் தெரியாதவர் நேரில் போய் வாயால் சொன்னால், அதை எழுதிக்கொள்ள உதவ வேண்டும் என்றும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது.